காலமும் அராகமும்

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்களிடத்தே இக்காலத்து அடிக்கடி கேட்கப்படுஞ் சொல் "பொழுதில்லை" என்பதாம். தீக்கை பெற்றும் அனுட்டானம் முட்டின்றிச் செய்தற்குப் பொழுதில்லை. சிவபூசை எழுந்தருளப் பண்ணிக்கொள்ளுமாறு ஆசாரியர் பணித்தும் அதற்குப் பொழுதில்லை. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றையேனும் முதல் தொடங்கி முடிவுகாறும் ஓதுதற்குப் பொழுதில்லை. இல்வாழ்வார் மாத்திரமே இங்ஙனங் கூறுவராயின் யாம் இதனை எடுத்தெழுதப் புகோம். திருமடங்களிலே பாடஞ் சொல்வாரும், மேடைதோறும் சைவ விரிவுரை நிகழ்த்துவாரும், அவருள் ஒருவராகிய யாமும் இதனையே கூறி வருகின்றோம். சிவபூசையின் மாண்பினை இரண்டு மணிநேரம் எடுத்துரைத்து, அவ்விரிவுரைக்குச் செல்லும் விரைவினாலே அற்றைநாட் பூசையைச் சுருக்கிக்கொண்டவர் எத்துணையர் என்பதனை அவரவர் நெஞ்சே அறியும். ஆதலின், இச்சொல் மெய்தானோ என்பதனைச் சித்தாந்த நெறியில் நின்றே ஆராய்தல் கடனாயிற்று.

காலம் என்பது முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று. அசுத்தமாயையினின்றுந் தோன்றுவது, சடம். காலமே கடவுள் எனக் கொண்டாரை நம் ஆசிரியன்மார் மறுத்தது, அஃது அறிவில்பொருளாய் ஒருவன் செலுத்தச் செல்வதாதல் பற்றியேயாம். அதன் தொழில் உயிர்க்கு வரும் நுகர்ச்சியை இத்துணைத்தென வரையறுத்தல். உண்மைவிளக்கம் அருளிய மனவாசகங்கடந்தார், கழிந்தது எல்லையாயும், நடப்பது பயனாயும், வருவது புதுமையாயும் நிற்றலைச் சுருங்கச் சொல்லிக் காட்டினார். இம்மூன்றனுள் பயன் நிகழ்காலத்தின்கண்ணே வைக்கப்பட்டமை உற்றுநோக்கத் தக்கது. இறந்ததன்கண் எல்லையன்றிப் பிறிதில்லை. வருவதன்கண் புதுமையன்றிப் பிறிதில்லை. நாமோ, வருவதன் புதுமையிலே கண்ணை வைத்து நடப்பதன் பயனைக் கைந்நழுவ விடுகின்றோம். அடுத்த திங்கட் செய்யப்போகும் பாராயணம் இனிதாகத் தோன்றுகின்றது; இன்று விடியலிற் செய்யவேண்டிய பாராயணம் சுமையாகத் தோன்றுகின்றது. இவ்வியல்பு கல்லாதார்க்கேயன்றிக் கற்றார்க்கும் ஒக்கும்.

இக்காலதத்துவம் தனித்து நின்று உயிரைப் பற்றுவதன்று. நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் நான்கனோடுங் கூடி ஐந்து சட்டையாய் நின்று பற்றும். அவற்றுள் நியதி, ஒருவன் செய்த வினையின் பயன் அவனையே சாருமாறு அரசாணைபோல நின்று நிறுத்தும். கலை, ஆணவத்தாற் கட்டுண்ட தொழிலாற்றலைச் சிறிதே நெகிழ்த்து எழுப்பும். வித்தை அறிவினை எழுப்பும். அராகம் இச்சையை எழுப்பும். இவ்வைந்தும் கூடியவழியே உயிர் நுகர்தற்குரிய புருடனாய் நிற்கும் என்பது நூற்றுணிபு.

இனி, "பொழுதில்லை" என்பான் இவ்வைந்தனுள் எதனைக் குறை கூறுகின்றான்? காலத்தையென்றே அவன் நினைக்கின்றான். காலமோ எல்லார்க்கும் ஒருபெற்றித்தாய் நிற்பது. நாளொன்றுக்கு நாழிகை அறுபது. அரசனுக்கு அறுபத்தொன்றும் இல்லை, இரவலனுக்கு ஐம்பத்தொன்பதும் இல்லை. யோகநூலார் ஒருநாளைச் சுவாசம் இருபத்தோராயிரத்து அறுநூறு எனக் கணக்கிடுவர். நாழிகைக்கு 360 ஆகும். நாழிகையாவது 24 நிமிடமாதலின், நிமிடத்திற்கு 15 ஆயிற்று. அமைதியாக இருக்கும் ஒருவனுக்கு நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு நிகழும் என இக்கால மருத்துவ நூலார் கூறுவதனோடு இக்கணக்கு மாறுகொள்ளாமை அறியத்தக்கது. இதனுள் வேறொரு நயமும் உண்டு. ஆண்டொன்றுக்கு நாள் 360 எனக் கொள்ளுங் கணக்கிலே அறுபது ஆண்டின் நாட்களை எண்ணுமின். அதே 21,600 ஆகும். நாளொன்றின் மூச்சும் அறுபதாண்டின் நாளும் தொகையால் ஒன்றே. திருக்கடவூருக்குச் சென்று அறுபதாமாண்டு நிறைவு விழாக் கொண்டாடியவருள் யாமும் ஒருவேம். அன்று காலகாலன் திருமுன் நின்றபொழுது இக்கணக்கு எம் உள்ளத்தே எழுந்தது. வாணாள் நீட்டித்தல் வேண்டுமென்று விண்ணப்பஞ் செய்ய நா எழவில்லை. தந்த இருபத்தோராயிரத்தை யாது செய்தாய் என்று கேட்கப்படின் விடை கூறமாட்டாமையால் என்க.

ஆகவே குறை காலத்தின்கண் இல்லை. அஃது அராகத்தின்கண் உள்ளது. வேட்கை பத்தாய் விரிந்தவழி, அறுபது நாழிகையும் ஆறு நாழிகைபோலச் சுருங்கித் தோன்றும். ஒன்றாய்க் குவிந்தவழி ஒரு நாழிகையும் போதும். பொழுதில்லை என்பதன் மெய்ப்பொருள் "இதன்மேல் எமக்கு வேட்கை இல்லை" என்பதேயாம். அதனை அங்ஙனமே சொல்ல நாணுகின்றமையின் வாயில்லாச் சடமாகிய காலத்தின்மேற் பழியை ஏற்றுகின்றோம். காலத்தை ஆளவேண்டும் எனச் சிலர் கூறுவதும் இவ்வழிப்பட்டதே. காலத்தை ஆளுதல் காலகாலனுக்கன்றிப் பிறர்க்கு ஆவதன்று. உயிர் செய்யக்கூடியது தன் வேட்கையை வரிசைப்படுத்தலே.

அற்றேல், எல்லாம் வினைவழியே நிகழுமாதலின், நியதி நிறுத்தியவாறன்றி நாளை வகுத்துக்கொள்ளுதல் எற்றுக்கு எனின். நியதி நிறுத்துவது முன்செய்த வினையின் பயனையே. அப்பயனை நுகருங்கால் உயிர் செய்யும் முயற்சி ஆகாமியமாய் மேல் ஏறுகின்றது. அனுட்டானமும் கேள்வியும் இம்முயற்சியின்பாற் படுவன. நோய் வருதல் பிராரத்தமாயினும் மருந்துண்ணாமை பிராரத்தம் என்று எவனும் வாளா இருப்பதில்லையன்றே. பூசையை விடுதற்கு மாத்திரம் வினைக்கொள்கையைத் துணையாகக் கொள்ளுதல் சாதுரியமேயன்றிச் சாத்திரமன்று.

பெரியபுராணத்துள் நாயன்மார் சிலருடைய வரலாற்றை இந்நோக்கத்தோடு மீளப் படித்தல் வேண்டும். சாக்கிய நாயனார் செய்த வழிபாடு எத்துணைச் சிறிது! நாடோறும் உண்ணுமுன் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல் எறிதல், அவ்வளவே. மலரில்லை, மந்திரமில்லை, புறத்தே சாக்கிய வேடம். ஒருநாள் மறதியால் அது செய்யாமல் உண்ணப் புகுந்தார். நினைவு வந்தவுடன், "இன்று எந்தையாரை எறியாது மறந்தேனே" என்னுங் கருத்தினராய்ப் பசியோடும் எழுந்து விரைந்தோடிக் கல்லெறிந்தார். சேக்கிழார் சுவாமிகள் அவர்க்கு இறைவன் வெளிப்பட்டருளியதாகக் கூறுவது அந்நாளிலேயே. கல் எறிந்த நாட்கள் பல. வெளிப்பட்டது அவர் இலையைவிட்டு எழுந்த நாள். யாம் இதனால் உணர்வது, பெரிதாய் இடையிட்டுச் செய்வதினும் சிறிதாய் இடையறாது செய்வது வலிதென்பது. ஆண்டுக்கொருமுறை மூன்றுநாட் பன்னிருதிருமுறை முற்றோதல் நடத்தி மற்றைநாளெல்லாம் திருமுறைப் பேழையைத் திறவாத ஊர்கள் உள. முற்றோதலை யாம் இகழ்கின்றோமல்லேம். நாளும் ஒருபதிகம் ஓதும் முதியோள் ஒருத்தி அவ்வூரில் இருப்பின் அவள் திருமுன்னர் அவ்விழாக் குழுவினர் பணிதல் தகும் என்பதே எம் கருத்து.

கணம்புல்ல நாயனார் வரலாற்றிலோ காலவரையறையே உயிராய் நிற்கின்றது. திருப்புலீச்சரத்திலே புல்லரிந்து விற்று அப்பொருளால் நெய்வாங்கி விளக்கெரித்தார். ஒருநாள் புல் விலைப்படவில்லை. அப்புல்லையே விளக்காக எரித்தார். முறையான யாமம் முடியுமளவும் எரித்தற்குப் புல் போதாமையின் தம் தலைமயிரையே மடுத்து எரித்தார். "இன்று இம்மட்டே கிடைத்தது, எஞ்சிய பொழுதுக்கு விளக்கில்லாவிடினும் ஆண்டவர் பொறுப்பர்" என்று எண்ணினாரல்லர். பொருள் குறையினும் பொழுது குறையலாகாது என்பது அவருடைய துணிபு. இக்காலத்துச் சில திருக்கோயில்களிலே பூசைக்காலத்து மணியையும் முரசினையும் மின்சாரப்பொறியே முழக்குகின்றது. ஒலி பெரிது, காலமுந் தவறுவதில்லை. ஆயினும் கயிற்றைப் பிடித்து நிற்கும் கையொன்று அங்கே இல்லாமை எமக்கு ஒருவகை வெறுமையாகத் தோன்றும். இது நிற்க.

திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறே எம்மைப் பெரிதும் வருத்துவது. காஞ்சியிலே குளிர்காலத்து மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாய் வந்த அடியவரிடத்து, அக்கந்தையைத் தோய்த்து உலர்த்தி மாலைப்பொழுதுக்குள் தருவதாக வாக்களித்து வாங்கினார். மழை விடாது பொழிந்தது. பொழுது சாய்ந்தது. குளிரால் நடுங்கும் அடியவருக்கு உரைத்த காலத்திலே ஆடை தரக்கூடாமையை எண்ணித் துணி துவைக்கும் கல்லிலே தலையை மோதலுற்றார். அவர்மேற் குற்றம் யாது? மழையை அவர் பெய்வித்தாரா? உலகியலார் இதனை மிகையென்பர். அவரோ, ஒருவர்க்கு வாக்களித்த பொழுது தம்முடையதன்று, வாக்குப்பெற்றவருடையது என்று கண்டவர். பிறர் பொருளைக் கவர்ந்தாற்போலவே பிறர்க்குரிய பொழுதைக் கவர்ந்ததையும் எண்ணினார்.

இவ்விடத்து எம் குற்றமொன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. எமக்குச் சிவஞானபோதமும் அதன் உரையும் பாடஞ் சொன்ன ஆசிரியர் தம் முதுமையிலே கண்ணில் திரை படர்ந்து எழுத்துத் தெரியாதவராயினார். 1996ஆம் ஆண்டு ஆடித்திங்களிலே அவரிடமிருந்து எமக்கோர் அஞ்சலட்டை வந்தது. பிறர் கையால் எழுதுவித்தது. "எட்டாஞ் சூத்திரத்தின் உரையை மறுபடி ஒருமுறை கேட்கவேண்டுமென்று இருக்கிறது. நீ வந்து வாசி, நான் கேட்கிறேன்" என்பதே அதன் செய்தி. ஆவணியில் வருவதாக விடை எழுதினோம். ஆவணியிலே சொற்பொழிவுகள் வந்தன, புரட்டாசிக்கென்று எழுதினோம். புரட்டாசி ஐப்பசியாயிற்று, ஐப்பசி கார்த்திகையாயிற்று. அவரூர்க்கும் எம்மூர்க்கும் இடையிட்டது மூன்று மணிநேரப் பேருந்துப் பயணமே. அந்நான்கு திங்களில் யாம் ஏறிய மேடைகள் பதினேழு. அவற்றுள் ஒன்றிலே யாம் எடுத்துக்கொண்ட பொருள் குருபத்தி!

மார்கழியிலே அவர் சிவபதமடைந்த செய்தி கேட்டுச் சென்றோம். ஆசிரியர் மனைவியார் எம்மைக் கடிந்தாரல்லர். "தம்பி, நீ வருவாயென்று தினமும் சாயங்காலம் இரண்டு மணை போடச் சொல்லுவார், முந்தாநாள்கூடப் போட்டேன்" என்று மாத்திரஞ் சொன்னார்.

எட்டாஞ் சூத்திரம் யாது கூறுவது என்பதனை இதனைப் படிப்பார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. முற்செய்தவத்தாற் பக்குவமெய்திய உயிர்க்கு முதல்வனே குருவாய் வந்து, ஐம்புலனாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை நீ இவன் மகன் என்று அறிவுறுத்தல் அதன் பொருள். குரு வருவன் என்பது சூத்திரம். குரு அழைத்தும் மாணாக்கன் சென்றிலன் என்பது எம் வரலாறு. திருக்குறிப்புத்தொண்டர்க்கு மழையேனும் பெய்தது. எமக்கு அந்நான்கு திங்களில் அவரூர்க்குச் செல்லும் வழியெல்லாம் வெயிலாயிருந்த நாட்கள் எத்தனையோ இருந்தன. பதினேழு மேடையுள் ஒன்றை விட்டிருக்கலாம். பொன்னாடையின்மேல் இருந்த வேட்கை விடவில்லை. அப்பொழுது யாம் ஊரார்க்கெல்லாஞ் சொன்னது "பொழுதில்லை" என்பதே. காலதத்துவம் வாய்திறந்து பேசுமாயின் அன்று எம்மை மறுத்திருக்கும்.

இனி, நாளை எவ்வாறு வகுப்பது என்று கேட்பார்க்கு எம் பட்டறிவிற் கண்ட சிலவற்றைக் கூறுதும். சூரியோதயத்திற்கு ஐந்து நாழிகை முன்னர் எழுதல் பண்டையோர் வழக்கு. இஃது இக்காலக் கணக்கில் இரண்டு மணிநேரம். அப்பொழுதின் சிறப்பாவது, எவரும் நம்மை ஒன்றுங் கேளாமை. அனுட்டானமும் பூசையும் அதனுள் முடிந்தபின் சாத்திரத்தில் ஒரு பக்கம். ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டா. அந்த ஒன்று என்றுந் தவறவும் வேண்டா. திருநீறு தரிக்குமுன் கைத்தொலைபேசியைத் தீண்டாதிருத்தலை யாம் விரதமாகக் கொண்டோம். எளிதென்று நகைப்பவர் பத்துநாட் செய்து பார்ப்பாராக. அப்பெட்டி அராகத்தையே வடிவாகக் கொண்டது. ஒருமுறை திறப்பின் ஐந்து நாழிகையை விழுங்கி ஒரு சொல்லும் மிச்சம் வையாது.

அற்றேல், இஃது ஆறுமுகநாவலர்போல இல்லறம் புகாதார்க்கு இயலும். மனைவி மக்களும் அலுவலும் உடையார்க்கு எங்ஙனம் இயலும் எனின். நாவலரவர்கள் 1822இல் தோன்றி 1879இல் மறைந்தவர்கள். ஐம்பத்தேழு ஆண்டினுள் 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவி, அச்சுக்கூடம் நடத்தி, நூல்கள் பலவற்றைப் பதிப்பித்தும் எழுதியுஞ் சென்றது துறவு மனத்தினால் என்றே கொள்ளுமின். சாமிநாதையரவர்களோ இல்வாழ்வார். 1880இல் கும்பகோணங் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராய் அமர்ந்தார். பகலெல்லாம் வகுப்பு. எஞ்சிய பொழுதிலே ஏடுகளை ஒப்புநோக்கி ஏழாண்டில், 1887இல், சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். நூல் சைனருடையதாயினும், ஆதீனத்திலே பயின்ற ஒருவர் வேட்கையை ஒன்றன்கண் நிறுத்தியவாற்றுக்கு அது சான்று.

இல்வாழ்வான் பொழுது துறவியின் பொழுதினுங் குறுகியதன்று; பிறர்க்கு உரிமைப்பட்டது. மகனுக்குப் பாடஞ் சொல்லவேண்டிய பொழுதிலே பூசையை நீட்டித்தலும், நோயுற்ற தாயின் அருகிருக்கவேண்டிய பொழுதிலே பாராயணக் கூட்டத்துக்கு ஓடுதலும் சிவபுண்ணியம் ஆகா. இவை பூசையின்மேல் வைத்த அன்பன்று; கடமைக்கு ஒளிந்துகொள்ளுதற்குப் பூசையைத் திரையாக்குதலாம். துயிலையும் ஊணையும் அளவிறந்து சுருக்கி நோயை வருவித்துக்கொண்ட மாணாக்கரையும் யாம் கண்டுள்ளேம். உடம்பு மாயேயமாயினும் வினையை நுகர்ந்து தொலைத்தற்கு இறைவன் தந்த கருவியாதலின், எட்டுச் சாமத்துள் இரண்டினை அதற்குத் தடையின்றித் தருதல் தகும்.

வந்தார் ஒருவர்க்கு அரைநாழிகை தருவதாயின் அதனை முழுதுந் தருதலும், தாராததாயின் இப்பொழுதே இயலாது என்று சொல்லிவிடுதலும் வேண்டும். அழைத்தாரை மறுத்தல் அவமதிப்பென்று அஞ்சி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒன்றையும் நிறைவேற்றாமை அன்பர் பலரிடத்துக் காணப்படுகின்றது. எமக்கு விரிவுரைக்கு அழைப்பு வருங்கால், திங்களுக்கு இரண்டன்மேற்படின் மறுத்து எழுதுகின்றோம். சிலர் முனிந்தனர். ஒருவர், பண்டிதருக்குச் செருக்கு வந்துவிட்டது என்றும் எழுதினார், இருக்கட்டும்.

எம் ஆசிரியர் வைத்திருந்த உரைப்புத்தகத்தை அவர் மனைவியார் எமக்கே தந்தனர். எட்டாஞ் சூத்திரத்தின் தொடக்கத்திலே அடையாளமாக ஓர் ஓலைநறுக்கு வைக்கப்பட்டிருந்தது. வைகறையிலே அப்புத்தகத்தையே நாளொரு பக்கமாக வாய்விட்டு வாசித்து வருகின்றோம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை பலமுறை சென்றுவிட்டோம். இப்பொழுது மறுபடியும் ஆறாஞ் சூத்திரத்தில் நிற்கின்றோம். யாம் படிக்கும் பக்கத்துக்கு வேறு காகிதத் துண்டு வைத்துக்கொள்வதன்றி அவ்வோலைநறுக்கினை இடம் பெயர்த்திலேம்.

திருச்சிற்றம்பலம்